கடற்காற்றும் ஜனங்களின் பணமும்

வட கடலில், யார்க்ஷயர் கரைக்குச் சுமார் 120 கிலோமீட்டருக்கப்பால் நாட்டப்பெற்ற 174 காற்று யந்திரங்கள் 2020-ம் வருஷம் முதல் பூரணமாக மின்சாரம் தந்து வருகின்றன. ஹார்ன்ஸீ ஒன்று எனப்படும் இந்நிலையத்தைச் சமைத்தோரின் சாமர்த்தியத்தை நாம் மெச்சுகிறோம். அதற்கு விலை பேசிய விதத்தை மெச்சுவதற்கில்லை. 2014-ல் பிரிட்டிஷ் சர்க்கார் ஏலம் எதுவுமின்றி, ஆயிரம் யூனிட்டுக்கு 140 பவுன் வீதம் 15 வருஷத்திற்கு உறுதி செய்து கொடுத்தனர். போட்டியின்றி இவ்விதம் ஒப்பந்தங்களை வழங்கியதால் ஜனங்களின் செலவு அனாவசியமாக உயர்ந்திருக்கலாமென்று அந்நாட்டுத் தேசீயத் தணிக்கைக் காரியாலயமே அவ்வருஷம் எச்சரித்தது. 2017-ல் ஏலம் நடந்தது. பக்கத்துக் கடலிலேயே அமையவிருந்த ஹார்ன்ஸீ இரண்டுக்கு அதே கம்பெனி 57.50 பவுனுக்குச் சம்மதித்தது! இரண்டு தொகையும் 2012-ம் வருஷத்து விலைவாசிப்படி கணக்கிட்டவை.

இடையில் யந்திரங்கள் பெருத்துச் செலவு குறைந்ததென்பது வாஸ்தவமே. ஆயினும் அது முழுச் சமாதானமாகாது. போட்டி வந்தபின்னரன்றோ கம்பெனி இறங்கிவந்தது? சந்தை விலை ஒப்பந்த விலைக்குக் குறையும்போதெல்லாம் வித்தியாசத்தைக் கட்டுவோர், வீட்டு விளக்குக்குக் கட்டணம் செலுத்தும் சாமானியர்களே. கம்பெனியின் பெரும்பங்கோ டென்மார்க் சர்க்காருடையது.