தோட்டம் போட ஆள் அமர்த்துமுன்

வீடு கட்ட எஞ்சினியரை நாடுவதுபோல், தோட்டம் போடுவதற்கென்றே வடிவமைப்பாளரை அமர்த்தும் வழக்கம் நமது நகரங்களில் பரவி வருகிறது. நல்ல வழக்கந்தான். வெயிலின் போக்கும், மண்ணின் குணமும், தண்ணீர் ஓடும் வாட்டமும் அறிந்த ஒருவர் முன்கூட்டியே யோசனை சொன்னால், பிற்பாடு மரத்தை வெட்டவும் தளத்தைப் பெயர்க்கவும் நேராது. ஆனால் நடப்பது என்ன? வந்தவர் வெளிநாட்டுப் படமொன்றை விரித்துக் காட்டுகிறார்; வீட்டுக்காரரும் மயங்கித் தலையாட்டி விடுகிறார். வாசலில் புல்தரை, சுற்றிலும் சிமெண்டுத் தளம், மூலைக்கொரு அலங்காரப் பனை. இதற்குப் பெயர் தோட்டமாம்!

சென்னையையே எடுத்துக் கொள்வோம். கோடையில் நாளொன்றுக்குச் சுமார் ஐந்து மில்லிமீட்டர் ஈரத்தை வெயில் உறிஞ்சி விடுகிறது. ஆயிரம் சதுர அடிப் புல்தரை பச்சையாக இருக்கவேண்டுமானால் தினம் 450 லிட்டர் தண்ணீர் ஊற்றியாக வேண்டும். 2019ஆம் ஆண்டுக் கோடையில் ஏரிகள் வறண்டு, ஜனங்கள் குடங்களோடு லாரிக்குக் காத்து நின்றதை அதற்குள் மறந்து விட்டோமா? இதே ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டும் மழை, சிமெண்டின்மேல் வழிந்து தெருச் சாக்கடையில் போய்ச் சேர்கிறது. மழைநீர் சேகரிப்பு 2003இல் கட்டாயமாக்கப்பட்டது. குழாயும் குழியும் வைத்ததோடு கடமை தீர்ந்ததென்று பலர் இருந்து விட்டார்கள். தோட்டத்து மண்ணைச் சற்றே தாழ்த்தி, நடைபாதைக் கற்களை இடைவெளி விட்டுப் பதித்தால் அதுவே நீரைக் குடித்துக் கிணற்றுக்குக் கொடுக்கும். 2016 டிசம்பர் 12இல் வர்தா புயல் சாய்த்த மரங்களையும் நினைவில் வைப்பது நல்லது. அடிமரம்வரை சிமெண்டு பூசினால் வேர் எங்கே பரவும்?

ஆகவே, வடிவமைப்பாளர் காட்டும் படத்தைவிட, அவர் கேட்கும் கேள்விகளைக் கவனிக்க வேண்டும். கிணற்று நீர் உப்பா? கழிவுநீர்த் தொட்டி எங்கே? மாலை வெயில் எந்தச் சுவரில் விழுகிறது? துணி உலர்த்துவது எங்கே? இவற்றைக் கேளாதவர் எவ்வளவு அழகாக வரைந்தும் பிரயோஜனமில்லை. இங்கிலாந்தில் கெர்ட்ரூட் ஜெக்கில் (1843-1932) என்ற அம்மையார் பல தோட்டங்களை நேரில் பாராமலே, தபால் மூலம் அமைத்துக் கொடுத்தார். அவர்கூட மண் மாதிரியை வரவழைத்துப் பார்த்தவர்.

வீட்டுக்காரரும் வாயைத் திறக்க வேண்டும். பாட்டிக்குப் பூஜைக்கு நந்தியாவட்டையும் பவழமல்லியும் வேண்டுமென்றால் அதைச் சொல்ல வெட்கமென்ன? கறிவேப்பிலைக்கும் வாழைக்கும் இடமில்லாத வரைபடத்தைத் திருப்பிக் கொடுத்து விடலாம். கோனோகார்பஸ் நட 2025இல் தமிழக அரசே தடை விதித்தது. அதை யாராவது சிபாரிசு செய்தால் வாசலைக் காட்டி விடலாம்!

வரைபடத்தைப் பேசி முடிக்கும் தினத்தில் தோட்டக்காரரையும் அழைத்து உட்கார வைக்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். தினமும் நீர் விடப் போகிறவர் அவரே. எது பிழைக்கும், எது பட்டுப்போகும் என்று படிக்காமலே சொல்லக்கூடியவர். அவரைக் கேளாமல் போட்ட தோட்டங்கள் அடுத்த சித்திரையைக் காண்பது அபூர்வம்.

ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும். செடிகளின் பெயர், உயரம், விலை, பட்டுப்போனால் மாற்றித் தருவது யார் என்பவை அதில் இடம்பெற வேண்டும். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கழியும்வரை கட்டணத்தில் ஒரு பகுதியை நிறுத்தி வைக்கலாம். ஆவணிக்குள் நட்டு முடித்தால் சில வாரங்கள் குடத்தில் ஊற்றினால் போதும். பிறகு ஐப்பசி மழை பார்த்துக் கொள்ளும்.