நதியைக் கழுவவும் மின்சாரம் வேண்டும்

மும்பையை அடுத்த அம்பர்நாத்திலுள்ள சிவாலயத்தில் மண்டபத்திலிருந்து கர்ப்பக்கிருகத்துக்குப் போக வேண்டுமானால் ஏறக்குறைய இருபது படிகள் கீழே இறங்க வேண்டும். சக வருஷம் 982, அதாவது கி.பி. 1060 என்று சாஸனம் கூறும் அந்தச் சிலாஹாரர் காலத்து ஆலயத்தில், தலைக்கு மேலே ஆகாயம் திறந்திருக்க, ஈரத் தரையில் எழுந்தருளியிருக்கும் லிங்கத்தைத் தரிசித்துவிட்டு மனம் குளிர்ந்து படியேறி வெளியே வரும் பக்தர், பக்கத்தில் ஓடும் வால்துனி நதியின் காற்று முகத்தில் பட்டதும் மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொள்கிறார். தொள்ளாயிரத்து அறுபது ஆண்டுகளுக்கு மேல் மழைக்கும் வெயிலுக்கும் அசையாமல் நிற்கும் கல்லின் அருகே, அந்தக் கல்லைவிட மிகப் பழைய ஒரு நதி, நம் ஆயுட்காலத்துக்குள்ளேயே சாக்கடையாகிவிட்டது. 2014 நவம்பர் இறுதியில் ஒரு நாள் அந்த நதியில் கொட்டப்பட்ட ரசாயனத்திலிருந்து கிளம்பிய விஷவாயு பக்கத்து ஊரான உல்ஹாஸ்நகரில் நூற்றுக்கணக்கானோரை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தது. மறு வருஷம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இந்த வட்டாரத்துச் சுத்திகரிப்பு நிலையங்கள் மீதும் நகராட்சிகள் மீதும் கோடிக்கணக்கில் அபராதம் விதித்தது. நதி இன்னும் குணமடையவில்லை.

இப்படிச் சொல்வதால் நான் தொழிற்சாலைகளுக்கு விரோதி என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். இந்த ஊரை ஊராக்கியவை தீப்பெட்டி ஆலையும் ஆயுதத் தொழிற்சாலையும், 1962-ல் பிறந்த மகாராஷ்டிரத் தொழில் வளர்ச்சிக் கழகத்தின் பேட்டையில் வரிசையாக எழுந்த சாய, மருந்து, ரசாயனக் கூடங்களுமே. திருநெல்வேலியிலிருந்தும் வட ஆற்காட்டிலிருந்தும் தாராவிக்கு வந்து, அங்கே இடம் போதாமல் ரயில் பாதையை ஒட்டியே கல்யாணுக்கு அப்பால் நகர்ந்து வந்த நம் ஜனங்களில் எத்தனையோ குடும்பங்களுக்கு அடுப்பெரிந்ததும், பெண்களுக்குக் கல்யாணம் நடந்ததும், பிள்ளைகள் காலேஜுக்குப் போனதும் அந்தக் கூடங்களின் ஷிப்ட் சங்கை நம்பித்தான். பம்பாய் மாநகரம் தன் நெரிசலையும் புகையையும் குறைத்துக்கொள்ள விரும்பி வெளியே அனுப்பிய தொழில்களை இந்த ஊர் மடியில் ஏந்திக்கொண்டது. ஜீவனமும் வந்தது, கழிவும் வந்தது. முன்னதன் லாபத்தில் பெரும் பங்கு நகரத்துக்குத் திரும்பிப் போயிற்று. பின்னது முழுவதும் இங்கேயே தங்கிற்று.

மின்சாரக் கொள்கையைப் பற்றிப் பேசுகிறவர்கள் சாதாரணமாக ஒரு தட்டில் அனல் நிலையத்தையும் மறு தட்டில் மரத்தையும் வைத்து நிறுத்துப் பார்க்கிறார்கள். அந்தத் தராசில் எனக்கு நம்பிக்கை போய்ப் பல வருஷங்களாகிவிட்டன. அதற்குக் காரணம், 2005-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒரு சாயக்கூடத்தின் பின்புறத்தில் நான் கண்ட காட்சி. மகாராஷ்டிரம் முழுவதையும் லோட்ஷெட்டிங் வாட்டிய காலம் அது. மும்பைக்கு மட்டும் விலக்கு. எங்களுக்கோ மணிக்கணக்கில் இருட்டு. பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெண், வீட்டில் மெழுகுவர்த்தி தீர்ந்துபோனால் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ரயில் நிலையத்துக்குப் போய், நடைமேடை விளக்கின் கீழே உட்கார்ந்து படித்துவிட்டு வருவாள்.

அந்தச் சாயக்கூடத்தில் வேலை பார்த்த சங்கரன்கோவில்காரர் ஒருவர் என்னைக் கழிவுநீர்த் தொட்டிக்கு அழைத்துப் போய்க் காட்டினார். அடியிலிருந்து ஊதப்படும் காற்றில் பழுப்பு நீர் உலைபோல் கொதித்துப் புரண்டுகொண்டிருந்தது. அழுக்கைத் தின்று வாழும் நுண்ணுயிர்களுக்கு மூச்சு கொடுக்கும் காற்று அது என்று அவர் விளக்கிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் நின்றது. ஊதுகருவி ஓய்ந்தது. குமிழிகள் ஒவ்வொன்றாக அடங்கி, மேலே ஓர் ஏடு படிந்து, சற்று நேரத்தில் துர்நாற்றம் எழுந்தது. “கரண்டு வர லேட்டானா இந்தத் தண்ணி செத்துரும் அண்ணாச்சி. செத்த தண்ணிய என்ன செய்ய, ஓடைக்குத்தான் போவும்” என்றார் அவர். அவர் குரலில் ஒரு நோயாளியின் படுக்கையருகே நிற்பவனுடைய வருத்தம் இருந்தது.

நதி கெட்டது மின்சாரம் மிகுந்ததால் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, அதைக் காப்பதற்கும் மின்சாரமே வேண்டும் என்பதும், அதற்குத் தட்டுப்பாடு வரும்போது முதலில் அணைவது இந்த ஊதுகருவிதான் என்பதும் அன்றுதான் புரிந்தது. ஏனென்றால் சாயம் ஏற்றும் இயந்திரம் நின்றால் முதலாளிக்கு நஷ்டம், அதற்கு ஜெனரேட்டர் உண்டு. சுத்திகரிப்புத் தொட்டி நின்றால் நஷ்டம் நதிக்கு, நதிக்கு ஜெனரேட்டர் வைப்பார் யாருமில்லை. மின்வெட்டு நீங்கிய பிறகும் நிலைமை வெகுவாக மாறவில்லை. மின்கட்டணத்தை மிச்சப்படுத்த ராத்திரியில் இந்தக் கருவியை நிறுத்திவைக்கும் ஆசை சிறு தொழிலதிபர்களை விடுவதில்லை. திருப்பூரைப் பாருங்கள். நொய்யலை நாசமாக்கிய சாயப்பட்டறைகளை 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் மூட உத்தரவிட்ட பின்னர், ஒரு சொட்டும் வெளியே விடாமல் நீரைக் காய்ச்சி உப்பைப் பிரிக்கும் முறைக்கு அவை மாறின. அந்தக் காய்ச்சலுக்கு ஆகும் செலவு கொஞ்சநஞ்சமல்ல. காங்கயம், பல்லடம் பக்கத்துக் காற்றாலைகளில் அந்த ஊர்த் தொழிலதிபர்கள் பணம் போட்டிருந்தது அவர்களுக்கு இதில் ஓர் ஊன்றுகோலாயிற்று. சுத்தமான மின்சாரமும் சுத்தமான நதியும் ஒரே கணக்குப் புத்தகத்தில் எழுதப்பட வேண்டியவை என்பதற்கு இதைவிட வேறு சாட்சியம் வேண்டுமா?

இனி மும்பையின் கணக்கைப் பார்ப்போம். கோடையில் 4,000 மெகாவாட்டைத் தாண்டும் தேவையுள்ள அந்நகரம் மூன்று புறமும் கடலாலும் கழிமுகங்களாலும் சூழப்பட்டிருப்பதால், வெளியிலிருந்து மின்சாரம் கொண்டுவரும் கம்பிப் பாதைகள் எப்போதும் போதாமலேயே இருந்து வந்திருக்கின்றன. 2020 அக்டோபர் 12-ஆம் தேதி காலையில் அந்தப் பாதைகள் சில ஒன்றன்பின் ஒன்றாகச் செயலிழந்தபோது மாநகரமே ஸ்தம்பித்தது, லோகல் ரயில்கள் நடுவழியில் நின்றன. இப்படி இருளில் மூழ்கிவிடுவோமோ என்ற அச்சத்தின் காரணமாகவே செம்பூரை அடுத்த டிராம்பேயில் 500, 250 மெகாவாட் நிலக்கரி அலகுகள் இன்றும் எரிந்துகொண்டிருக்கின்றன. 1991-லேயே சூழலியல் ரீதியாக நலிவான பிரதேசமென்று மத்திய சர்க்கார் அறிவித்த டஹாணுவில், வார்லிப் பழங்குடியினரின் குடிசைகளுக்கும் சப்போட்டாத் தோட்டங்களுக்கும் நடுவே 500 மெகாவாட் அனல் நிலையம் ஒன்று மும்பைக்காகவே எழுந்ததும் இந்த வரலாற்றின் பகுதி. மீண்டும் டிராம்பே பக்கம் வந்தால், செம்பூரின் தெற்கே மாகுலில் எண்ணெய்க் கிடங்குகளின் காற்றைச் சுவாசித்த ஜனங்கள் வருஷக்கணக்கில் வழக்காடி, 2020-ல் நான்கு நிறுவனங்களுக்கு மொத்தம் 286 கோடி ரூபாய் அபராதம் என்ற தீர்ப்பைப் பெற்றார்கள். சுவாசித்தது சுவாசித்ததுதான்.

கம்பிப் பாதைகள் பெருகினால் நிலக்கரியைக் குறைக்கலாம். ஆனால் குடுஸிலிருந்து மும்பையின் ஆரேவுக்கு 1,000 மெகாவாட் கொண்டுவரும் பாதைக்காக வசை கழிமுகத்தில் 200-க்கு மேற்பட்ட அலையாத்தி மரங்களை வெட்டும்படி ஆயிற்று. அதற்குப் பம்பாய் உயர்நீதிமன்றம் அனுமதி தந்தது. நான் அந்த அனுமதியை ஆதரிக்கிறேன். மரத்தை நேசிப்பவனாகவே ஆதரிக்கிறேன். டிராம்பேயின் புகைபோக்கி அணைவதற்கு அந்தப் பாதை ஒரு வழி. அதே சமயத்தில், பாதை வந்ததும் எந்த அலகு எந்தத் தேதியில் நிறுத்தப்படும் என்பதை அந்த அனுமதியோடு சேர்த்தே எழுதி வாங்கியிருக்க வேண்டும் என்பதும் என் அபிப்பிராயம். மரம் இன்று விழுகிறது. புகை என்று நிற்கும் என்பதற்கு மட்டும் தேதியில்லை.

இந்தக் கதை புதிதல்ல. அம்பர்நாத்திலிருந்து கர்ஜத் போகும் ரயிலில் ஏறினால் நேரலுக்கு அடுத்தாற்போல் பிவ்புரி ரோடு என்ற சிறிய ஸ்டேஷன் வருகிறது. அங்கிருந்து தெரியும் மலைச்சரிவின் அடிவாரத்தில் 1922-ல் டாடா ஸ்தாபனத்தார் தொடங்கிய நீர்மின் நிலையம் இருக்கிறது; அதற்கு முன்னே கோபோலியிலும், பின்னே பீராவிலும் அவர்கள் நீர்மின் நிலையங்கள் எழுப்பினார்கள். பம்பாய் மில்களின் கரும்புகையை ஒழிக்கப் பிறந்த அந்த மாபெரும் யோசனையைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆயினும் அந்தப் புகை ஒழிவதற்காக முல்ஷிப் பள்ளத்தாக்கில் ஏறக்குறைய ஐம்பது கிராமங்களின் நெல்வயல்கள் நீரில் மூழ்க வேண்டியிருந்தது. சேனாபதி பாபட் தலைமையில் 1921-ல் சத்தியாக்கிரகம் செய்த மாவல் விவசாயிகளை நம் சரித்திரப் புத்தகங்கள் இரண்டு வரிக்கு மேல் நினைப்பதில்லை. நூறு வருஷங்களுக்கு முன்னேயே சுத்தமான மின்சாரம் நகரத்துக்கு வந்தது. அதன் விலையை நகரத்துக்கு வெளியிலுள்ளவர்கள் கொடுத்தார்கள்.

அந்த வழக்கம் இன்றும் மாறவில்லை. 2025 ஜூலையில் மத்திய சர்க்கார், கந்தக வாயுவை வடிகட்டும் சாதனங்களை நிறுவும் கடமையிலிருந்து நாட்டின் அனல் நிலையங்களில் முக்கால் பங்குக்கு மேற்பட்டவற்றை விடுவித்தது. தேசியத் தலைநகர் வட்டாரத்துக்கோ, பத்து லட்சத்துக்கு மேல் ஜனத்தொகையுள்ள நகரங்களுக்கோ பத்து கிலோமீட்டருக்குள் இருப்பவை மட்டும் கட்டாயமாக நிறுவ வேண்டுமாம். சிற்றூரில் இருப்பவனுக்கு நுரையீரல் வேறு விதமாகவா அமைந்திருக்கிறது? மாநகரத்துக்கு வெளியே வாழ்பவர்களுக்கு இந்த விதி சொல்லும் செய்தி ஒன்றுதான்: உங்கள் மூச்சு கணக்கில் இல்லை.

இதற்கு எனக்குத் தெரிந்த பரிகாரம் சிறியது. அம்பர்நாத் தொழிற்பேட்டையின் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குத் தனி மின்பாதை கொடுங்கள். அந்த மின்சாரத்தைச் சூரிய ஒளியிலிருந்தோ காற்றிலிருந்தோ குறைந்த கட்டணத்தில் கொடுங்கள். ஊதுகருவி எத்தனை மணி நேரம் ஓடிற்று என்பதைக் காட்டும் மீட்டரின் எண்ணை நாள்தோறும் ஒரு பலகையில் மராத்தியிலும் தமிழிலும் ஹிந்தியிலும் எழுதி, நிலையத்தின் வாசலில் அல்ல, சிவாலயத்துக்குப் போகும் பாலத்தின் தலைமாட்டில் மாட்டுங்கள். மகாசிவராத்திரிக்கு லட்சக்கணக்கில் வரும் ஜனங்கள் அந்த எண்ணைப் படித்துவிட்டு நதியைக் குனிந்து பார்க்கட்டும்.