கிராபிக்ஸ் கார்ட் வாங்க முதல் பெட்டியைத் திறந்து பாருங்கள்



சாதாரண தரப் பரீட்சை முடிந்தால் சாகாமம் தொட்டு கல்முனை வரை நம்ம பொடியன்மாரின் கோரிக்கை ஒன்றுதான். "வாப்பா, கேம் விளையாட கிராபிக்ஸ் கார்ட் வேணும்." வாப்பா கட்டாரில். உம்மா எங்களிடம் வந்து, "சேர், இத வாங்கிக் குடுக்கலாமா?" என்று கேட்கிறார். கேம் நல்லதா கெட்டதா என்பதை இன்னொரு நாள் பேசுவோம். வாங்குவதென்று முடிவானால் சல்லி வீணாகக் கூடாது, இன்று அது மட்டும்தான்.

மகன் கார்டின் பெயரைத்தான் சொல்வான். நாங்கள் கேட்பது, வீட்டில் இருக்கிற கொம்பியூட்டர் எது என்று. பெரும்பாலான வீடுகளில் இருப்பது கந்தோர்களில் பாவித்துக் கழித்த டெல் ஒப்டிபிளெக்ஸ் போன்ற சின்னப் பெட்டி. அதன் பவர் சப்ளை 240, 255 வொட் அளவுதான். கார்டுக்குக் கொடுக்கத் தனி வயரே அதில் இராது. அதைக் கழற்றிவிட்டு கடையில் விற்கிற சாதாரண பவர் சப்ளையைப் பூட்டவும் இடம் காணாது. பொடியன் கேட்பதோ ஆர்எக்ஸ் 580. அது மட்டும் 185 வொட் இழுக்கும்.

இந்த 580 ஏன் இவ்வளவு மலிவு என்றும் யோசிக்க வேண்டும். 2022 செப்டம்பர் 15இல் ஈதீரியம் நாணயம் மைனிங் முறையைக் கைவிட்டது. அதுவரை இரவு பகலாக ஓடிய கார்டுகள் உலகம் முழுக்கப் பழைய சாமான் சந்தைக்கு வந்தன. அதே வருடம்தான் நமக்கு டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியது. புதுக் கார்ட் எட்டாத உயரத்துக்குப் போக, பழையதைத் தேடத் தொடங்கினோம். மைனிங் கார்ட் எல்லாமே பழுது என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் ஃபேன் தேய்ந்திருக்கும், உள்ளே பூசிய பேஸ்ட் காய்ந்திருக்கும். இன்னொன்று, 580 என்ற பெயரில் '2048எஸ்பி' என்றும் ஒன்று உண்டு. அது உண்மையில் 570இன் தரம்தான். போதாததற்கு, 2023 கடைசியோடு ஏஎம்டி இந்த வரிசைக்கு வழமையான டிரைவர் புதுப்பித்தலையும் நிறுத்திவிட்டது.

சின்னப் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு எங்கள் தெரிவு ஜீடிஎக்ஸ் 1650, அதிலும் உயரம் குறைந்த வகை. 2019இல் வந்தது, 4 ஜிபி, 75 வொட். தனி வயர் இல்லாமல் போர்டிலிருந்தே கரண்ட் எடுக்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள். இன்றைய பெரிய கேம்களுக்கு 4 ஜிபி போதாது என்பது உண்மை. ஜீடிஏ 5க்கு அது தாராளம். நல்ல 500 வொட் பவர் சப்ளையும் பெரிய பெட்டியும் இருந்தால் மட்டும் 8 ஜிபி ஆர்எக்ஸ் 6600 பக்கம் போகலாம். அது 580ஐ விட வேகம், கரண்டும் 132 வொட்தான்.

வெலரன்ட் மட்டும் விளையாடுகிற பிள்ளைக்கு கார்டே தேவையில்லாமல் போகலாம். 2012இல் வந்த இன்டெல் எச்டி 4000 இருந்தாலே அந்த கேம் ஓடும் என்று அதைச் செய்தவர்களே சொல்கிறார்கள். ஒற்றை ரேம் போட்டிருந்தால் அதே அளவில் இன்னொன்றைச் சோடியாகப் போட்டுப் பாருங்கள். செலவு கொஞ்சம்தான், வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

பழைய கார்ட் விற்கிற தம்பிமாருக்கும் ஒரு வார்த்தை. மைனிங்கில் ஓடியது என்றால் ஓடியது என்று சொல்லி விற்றுவிடுங்கள். குறையை மறைத்து விற்கக் கூடாது என்று உங்களுக்குப் புதிதாக நாங்கள் சொல்லத் தேவையில்லை. வாங்குபவரும் காசு கொடுக்க முதல் அரை மணித்தியாலம் கேம் ஓடவிட்டுப் பாருங்கள். ஜிபியு-இஸட் என்ற இலவச மென்பொருளில் பெயரையும் சரிபாருங்கள். பெயர் மாற்றிய போலிக் கார்ட் பலதை அது காட்டிக்கொடுக்கும்.

உம்மாமாரே, பிளக்கைக் கழற்றிவிட்டு பெட்டியின் பக்கத் தகட்டைத் திறந்து, பவர் சப்ளையில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து இன்பொக்ஸில் போடுங்கள். பாடசாலை விட்டு வந்து பார்த்துச் சொல்கிறோம்.