நாய்க்குச் சீமந்தம் அவசியமா?

உங்கள் வீட்டில் பெண் நாய் இருக்கிறதா? அப்படியானால் இந்தப் பேச்சு கண்டிப்பாக அடிபட்டிருக்கும். "பாவம், வாயில்லா ஜீவன். ஒரு தடவையாவது குட்டி போட வேண்டாமா?" என்பார் பாட்டி. "ஒரு ஈத்து போட்டாத்தான் உடம்புக்கு நல்லதாம்!" என்பார் பக்கத்து வீட்டு மாமா. மாடி வீட்டு வாண்டு, "எனக்கு ஒண்ணு!" என்று இப்போதே துண்டு போட்டு வைக்கும்.

கொஞ்சம் யோசியுங்கள். இது யாருடைய ஆசை?

பருவத்துக்கு வரும்போது நாய்க்கு இணை தேடும் வேகம் வரும், வாஸ்தவம்தான். இரண்டு மூன்று வாரத்தில் பருவம் அடங்கினால் அந்த வேகமும் அடங்கிவிடும். 'எனக்கொரு பிள்ளையில்லையே' என்று மூலையில் உட்கார்ந்து அது அழுவதில்லை. சில நாய்களுக்குச் சேராமலேயே ஒன்றிரண்டு மாதத்தில் மடியில் பால் கட்டும். பொம்மையைக் கட்டிக்கொண்டு படுக்கும். "பார்த்தியா, எப்படி ஏங்குது!" என்று நாம் உருகுவோம். அது பொய்க் கர்ப்பம், ஹார்மோன் செய்யும் வேலை. கல்யாணமான ஆறாம் மாசமே மருமகளிடம் "ஏதாவது விசேஷம் உண்டா?" என்று கேட்டுப் பழகிய வாய் நமக்கு. நாயை மட்டும் விடுமா?

உடம்புக்கு நல்லது என்பதற்கும் மருத்துவ ஆதாரம் கிடையாது. குட்டி போட்ட நாய்க்கும் பிற்பாடு கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கலாம். கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. அதைத் தடுப்பது கருத்தடை ஆபரேஷன்தான். எந்த வயதில் செய்யலாம் என்பதை ஜாதியைப் பார்த்து டாக்டர் சொல்வார்.

இன்னொரு ஆசை உண்டு. அதைக் கேலி செய்ய எனக்கு மனசு வரவில்லை. நாய்க்கு வயசாகிறது, 'இது போயிட்டா இதே மாதிரி இன்னொண்ணு வேணுமே' என்ற பயம். ஆனால் குட்டி பாதி அப்பன் ஜாடை! நீங்கள் உயிராய் நினைக்கும் அந்தக் குணம், பத்து வருஷம் உங்கள் கூடத்தில் தயிர் சாதம் தின்று, உங்கள் காலடி ஓசை கேட்டு வளர்ந்தது. அது ரத்தத்தில் அப்படியே இறங்காது.

சுமார் 63 நாளில் பிரசவம். லாப்ரடார் என்றால் ஏழெட்டு குட்டிகள் சர்வசாதாரணம். தலை பெருத்த பக் நாய்க்கு சிசேரியன் வரை போகலாம். பொமரேனியன் மாதிரி சின்ன நாய்களுக்குப் பால் கொடுக்கும் சமயத்தில் கால்சியம் இறங்கி வலிப்பு வரும். ராத்திரி இரண்டு மணிக்கு டாக்டரைத் தேடி ஓடப்போவது மாமா இல்லை, நீங்கள்தான்! விற்றுக் காசு பார்க்கலாம் என்றாலும் சும்மா இல்லை. 2017-ல் வந்த மத்திய அரசு விதிகளின்படி, நாய்களை இனப்பெருக்கம் செய்து விற்பவர்கள் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்யவேண்டும். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக்கூடாது.

அந்த எட்டு வாரம் முடியும்போதுதான் வேடிக்கை. "வீட்டு ஓனர் ஒத்துக்கலை", "பையனுக்குப் பரீட்சை" என்று ஒவ்வொருவராகக் கழன்றுகொள்வார்கள். ஆண் குட்டிகள் எப்படியோ போய்விடும். "பொட்டையா? வேணாம்ப்பா" என்று ஒதுக்கப்பட்டவை, கடைசியில் மார்க்கெட் ஓரத்திலோ கோயில் வாசலிலோ அட்டைப்பெட்டியோடு விடப்படுகின்றன. பிழைத்த குட்டி அடுத்த வருஷமே தெருவில் ஈனும்.

ஜோடி தேடக் கிளம்புமுன், "எனக்கு ஒண்ணு" என்றவர்களைக் கூப்பிட்டு, "பெண் குட்டின்னாலும் எடுத்துப்பீங்கதானே?" என்று கேட்டுப் பாருங்கள். எத்தனை பேர் மிஞ்சுகிறார்கள் என்று எண்ணுங்கள்.