தூண்டிலை அறிந்துகொண்ட மீன்

வெள்ளாயணிக் காயலில் வரால் முன்போலப் பொய்யிரையைக் கவ்வுவதில்லை என்றும், ரப்பர் தவளையை எறிந்தால் பின்தொடர்ந்து வந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறது என்றும் நம் சங்கத்து அன்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். மீன் அருகிவிட்டதா, அன்றி அதற்கு அறிவு வந்துவிட்டதா என்பது அவர் வினா. ஞாயிறுதோறும் தூண்டிற்கோலுடன் புறப்படும் பிள்ளைகள் நம் குடும்பங்களிலும் பெருகிவிட்டமையால் இம்மாதப் பக்கத்தை இதற்கே ஒதுக்குகிறோம். சைவ அன்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நாம் பேசப்போவது மீனின் சுவையைப் பற்றியன்று, அதன் புத்தியைப் பற்றி.

மீனுக்கு நினைவில்லை என்று சொல்வோர் பாபநாசத்துக்குப் போய் வரவேண்டும். தாமிரபரணிப் படித்துறையில் பொரியைத் தூவினால், காலடியிலேயே மீன்கள் வந்து மொய்க்கின்றன. அவ்வளவு தொலைவு போக இயலாதவர்களுக்கு அருவிக்கரை இருக்கிறது. 1933ஆம் ஆண்டு முதல் திருவனந்தபுரத்து மக்களுக்குக் குடிநீர் தந்துவரும் அதே அருவிக்கரைதான். அங்கே பகவதி கோயிலை அடுத்த நீரோட்டத்தில், தீனியிடுவோரைக் கண்டு மீன்கள் மேலே எழும்பி வருகின்றன. கை நீண்டால் உணவு என்று கற்றுக்கொண்ட உயிர், கை நீண்டால் முள் என்றும் கற்றுக்கொள்ளாதா?

கற்றுக்கொள்கிறது என்பதை ஹாலந்து நாட்டு ஆராய்ச்சியாளர் பியூக்கமா என்பவர் குளங்களில் சோதித்துக் காட்டினார். 1970இல் வெளியான அவருடைய முடிவின்படி, ஒருமுறை முள் குத்தி விடுவிக்கப்பட்ட கார்ப் கெண்டை ஓராண்டு வரையிலுங்கூட எளிதில் மறுபடி அகப்படவில்லை. பத்து முறை பட்டறிய வேண்டியதில்லை. ஒரு பாடமே போதுமாயிருந்தது. மனிதரில் எத்தனை பேருக்கு இது வாய்க்கும்?

அவரே பைக் என்னும் வேட்டை மீனிடத்தும் இச்சோதனையைச் செய்தார். அதன் முடிவு இன்னும் சுவையானது. சுழலும் தகட்டுப் பொய்யிரையில் ஒருமுறை அகப்பட்ட பைக் பின்னர் அத்தகட்டை ஒதுக்கிற்று. ஆனால் உயிருள்ள சிறுமீனை முள்ளிற் கோத்து விட்டபோது அவ்வாறு ஒதுங்கவில்லை. அஃதாவது, மீன் வெறுத்தது தூண்டிலையன்று, அந்தத் தகட்டைத்தான். உயிருள்ள சிறுமீனையும் வெறுத்தால் பட்டினி கிடக்க வேண்டியதே. கரையிலுள்ள பத்துப் பேரும் ஒரே கடையில் வாங்கிய ஒரே மாதிரித் தவளையை ஒரே துறையில் எறிந்துகொண்டிருப்பார்களானால், அதனைக் கண்டுகொள்வது வராலுக்கு அரிய காரியமன்று. எந்த நிறத் தவளை நல்லது என்றும் அன்பர் கேட்டிருக்கிறார். நிறத்தையும் உருவத்தையும் மாற்றிப் பார்ப்பது சில நாள்களுக்குப் பயன் தரக்கூடும். அதற்கு மேல் நாம் உறுதி கூற மாட்டோம்.

எனினும் இவ்விளக்கத்தில் ஓர் இடர்ப்பாடு உண்டு. ஹாலந்துக் கெண்டையை முள் நீக்கித் திரும்பவும் நீரில் விட்டார்கள். நம் ஊரில் பிடித்த வராலைத் திரும்ப விடுவோர் எத்தனை பேர்? குழம்புச் சட்டிக்குப் போன வரால் எந்தப் பாடத்தையும் கற்றிருக்க இயலாது. முள்ளிலிருந்து தப்பியவை சில இருக்கலாம். ஆயினும் காயல் முழுவதும் மீன் எச்சரிக்கை அடைந்துவிட்டதாயின், கல்வி ஒன்று மட்டும் காரணமாகாது.

மற்றொரு காரணம் அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்து ரிட்ஜ் ஏரியில் வெளிப்பட்டது. அந்நாட்டார் பெரிதும் விரும்பித் தூண்டிலிடும் மீன் பாஸ் என்பது. (நம் கொடுவாய் மீனையும் ஆங்கிலேயர் ஆசியக் கடல் பாஸ் என்பர், பெயரொற்றுமையே தவிர இனம் வேறு.) அவ்வேரியில் 1977 முதல் நான்காண்டுகள், பிடிபட்ட ஒவ்வொரு மீனுக்கும் அடையாளமிட்டுத் திரும்ப விட்டார்கள். பின்னர் ஏரி நீரை வடித்துப் பார்த்தபோது 1,700க்கு மேற்பட்ட மீன்கள் கிடைத்தன. அவற்றுள் ஏறத்தாழ 200 மீன்கள் அந்நான்காண்டுகளில் ஒருமுறையேனும் பிடிபடாதவை! வேறு சிலவோ திரும்பத் திரும்பப் பிடிபட்டவை. எளிதில் அகப்பட்டவற்றை ஒரு குலமாகவும் அகப்படாதவற்றை ஒரு குலமாகவும் பிரித்து மூன்று தலைமுறை வளர்த்தனர். தலைமுறைக்குத் தலைமுறை வேற்றுமை விரிந்தது. தூண்டிலைக் கவ்வும் இயல்பில் ஒரு பகுதி பெற்றோர் வழியாக வருவது என்று 2009இல் முடிவு கூறினர். கவ்வுவன யாவும் கூடைக்குப் போய்விட்டால், கவ்வாதவையே எஞ்சி நின்று குலம் பெருக்கும். அங்கே மீன் எதையும் கற்கவில்லை. நாமே கூச்சமுள்ள மீனைத் தேர்ந்தெடுத்து வளர்த்துவிடுகிறோம்.

நெல்லைப் புடைத்துப் பதரை விதைக்கு வைத்தாற்போல என்று இதனைச் சொல்லலாமா என்று ஐயுற்றிருந்தோம். 2012இல் வெளிவந்த அடுத்த ஆராய்ச்சி அவ்வையத்தை நீக்கிவிட்டது. பாஸ் மீனில் ஆண்தான் கூட்டைக் காப்பது. எளிதில் அகப்படும் குலத்து ஆண்களே பகைவர் மீது சீறிப் பாய்ந்து கூட்டைக் கண்ணுங்கருத்துமாகக் காத்தன. குஞ்சுகளை மிகுதியாக உண்டாக்கியவையும் அவையே. பொய்யிரையின்மீது பாயும் துணிவும் பிள்ளையைக் காக்கும் துணிவும் ஒன்றோடொன்று பிணைந்தவை போலும்.

மீன் அருகிவிட்டதா என்னும் பாதி வினா எஞ்சியிருக்கிறது. பொய்யிரைக்கு வராத மீன் மண்புழுவுக்கோ சிறுமீனுக்கோ வருமாயின், நீரில் மீன் உண்டு, அஞ்சியிருக்கிறது என்று கொள்ளலாம். எதற்குமே வாராதாயின் கவலைப்பட வேண்டும். பெரிய மீன் ஒன்று பிடிபட்டதைக் கொண்டு மனந்தேற்றிக்கொள்ளவும் இயலாது. 1946ஆம் ஆண்டு கபினி ஆற்றில் 120 ராத்தல் எடையுள்ள மகசீர் ஒன்றைத் தூண்டிலிற் பிடித்தார்கள். காவிரிக்குரிய அந்தத் திமில் மகசீர் இன்று அற்றுப்போகும் நிலையில் உள்ள உயிர்களின் பட்டியலில் இருக்கிறது. காவிரிக்கரை முகாம்களில் பிடித்து விடுவிக்கப்பட்ட மீன்களின் கணக்கை ஆராய்ந்தபோது, இம்மகசீரின் எண்ணிக்கை குறைந்துவர, சராசரி எடையோ கூடிவந்தது தெரிந்தது. கிழமீன்கள் எஞ்சியிருக்க, இளமீன்கள் தோன்றவில்லை என்பதே அதன் பொருள். அம்மீனுக்கு விஞ்ஞானப் பெயர் கிடைத்தது நம் கேரளத்துப் பாம்பாற்று மீனைக் கொண்டு என்பதையும் அறிந்துவைப்பது நன்று.

இனி வராலுக்கு வருவோம். வரால் தன் குஞ்சுகளைக் கைவிடுவதில்லை. செந்நிறக் குஞ்சுகள் நூற்றுக்கணக்கில் ஒரே திரளாக மேற்பரப்பில் துள்ளித் திரியும். தாய்தந்தையர் அதன் கீழேயே காவல் நிற்கும். அத்திரளை இவ்வூரார் 'பார்ப்பு' என்கின்றனர். பறவைக் குஞ்சுக்குத் தொல்காப்பியம் வகுத்த பெயரை மலையாள மீனவர் வாயிற் கேட்கும்போது நமக்கு உள்ளூர ஒரு மகிழ்ச்சி. ஆனால் பார்ப்பைக் கண்டவுடன் தூண்டிற்காரர் சிலர் அதன் நடுவிலேயே தவளையை எறிகிறார்கள். காவல் நிற்கும் வரால் பாய்கிறது. அது பசியாற் பாய்வதன்று; குஞ்சைத் தின்ன வந்த பகை என்றெண்ணிப் பாய்வது. அப்போது எந்த எச்சரிக்கையும் அதனைத் தடுப்பதில்லை. எவ்வளவு தேர்ந்த மீனும் அகப்படும் வேளை அது. மீன் ஒன்று கரையேறியபின் காவலற்ற பார்ப்பு பிற மீன்களுக்கும் நீர்ப்பறவைகளுக்கும் இரையாகிறது.

முட்டையிடுவதற்காக மழைநீரில் ஏறிவரும் மீனை வழிமறிக்கும் 'ஊத்த' பிடித்தலைக் கேரளச் சட்டம் தடுத்திருக்கிறது. பார்ப்பின் நடுவே எறிவதையும் அதனோடொத்த செயலாகவே நாம் கருதுகிறோம். வெள்ளாயணியில் தாமரை இலைகளுக்கிடையே சிவந்த திட்டொன்று அசைவதைக் கண்டால், கோலைச் சுருட்டிக்கொண்டு வேறு துறைக்குப் போகுமாறு வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள். குஞ்சுகள் செந்நிறம் மாறித் திரள் கலைந்து தனித்தனியே பிரிவதற்குச் சில வாரங்களே செல்லும்.