அதிரும் பலகையும் அருகிருக்கும் அன்பும்



ஏறி நின்றால் உடல் முழுவதையும் அதிரச் செய்யும் பலகையொன்று நம் இல்லங்கள் சிலவற்றிற்கு வந்து சேர்ந்துள்ளது. நடக்கவும் வேண்டாம், வியர்க்கவும் வேண்டாம். அதன்மேல் சிறிது நேரம் நின்றாலே எடை குறையும், எலும்பு உறுதிப்படும் என விளம்பரங்கள் உரைக்கின்றன. தொலைவில் பணிபுரியும் பிள்ளைகள் வயது முதிர்ந்த பெற்றோருக்கு இதனை அன்பளிப்பாக அனுப்புகின்றனர். அவர்களின் பாசத்தை நாம் குறை கூறோம். ஆயினும் கருவியின் தன்மையை அறிந்துகொள்ளுதல் நலம்.

இப்பலகை நொடிக்கு ஏறத்தாழ 20 முதல் 50 முறை வரை அதிர்கிறது. அவ்வதிர்வுக்கு ஈடுகொடுக்கத் தசைகள் தாமாகவே சுருங்கி விரிகின்றன. இதுவே இப்பயிற்சியின் அடிப்படை.

எண்ணமோ பழையது. பாரிசு மாநகரின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் பணியாற்றிய நரம்பியல் மேதை ஷார்க்கோ, நடுக்குவாத நோயாளர் சிலர் நெடுந்தூரம் இரயிலிலோ குதிரை வண்டியிலோ பயணம் செய்தபின் நலமாக உணர்வதைக் கண்டார். எனவே குலுங்கும் நாற்காலி ஒன்றைச் செய்வித்து அவர்களை அதில் அமரச் செய்தார். 1892-இல் அதைப்பற்றி விரிவுரையும் ஆற்றினார். மறு ஆண்டே அவர் இறந்ததால் அம்முயற்சி தொடரவில்லை.

நூற்றிருபது ஆண்டுகள் கழித்து, சிக்காகோ மருத்துவர்கள் அதை மீண்டும் சோதித்து, முடிவை 2012-இல் வெளியிட்டனர். நோயாளருள் ஒரு பிரிவினர் அதிரும் நாற்காலியில் அமர்ந்தனர். மறு பிரிவினர் அதிராத நாற்காலியில் அமர்ந்து இயற்கையின் ஒலிகளைக் கேட்டனர். இரு பிரிவினரும் நலம் கண்டனர்! அதிர்வுக்கென்று தனிச் சிறப்பு எதுவும் புலப்படவில்லை.

எலும்பின் கதையும் இதைப் போன்றதே. தொரந்தோ நகரில், மாதவிடாய் நின்ற 202 பெண்களைக் கொண்டு நடத்தப்பெற்ற ஆய்வின் முடிவு 2011-இல் வெளிவந்தது. ஓராண்டுக் காலம் நாள்தோறும் 20 நிமிடம் அதிரும் பலகையில் நின்றவர்களின் எலும்பு அடர்த்தி, நில்லாதவர்களுடையதைவிட மேம்படவில்லை. ஆனால் முதியோரின் கால் வலிமை ஓரளவு கூடுவதாகச் சில ஆய்வுகள் காட்டுவதையும் நாம் மறைத்தலாகாது. கருப்பமுற்றோர், இதயத்தில் மின்கருவி பொருத்தப்பெற்றோர், அண்மையில் எலும்பு முறிந்தோர், இரத்தக்கட்டு உடையோர் ஆகியோர் மருத்துவரைக் கேளாமல் இதன்மேல் ஏறுதல் ஆகாது.

நம் உடல் தூய ஆவியின் ஆலயம் எனப் புனித சின்னப்பர் கற்பித்தார். ஆலயத்தைப் பேணுவதில் சோம்பலுக்கு இடமில்லை. அறுபத்தைந்து வயதைக் கடந்தோர் வாரத்தில் மூன்று நாளேனும் உடற்சமநிலைக்கும் வலிமைக்குமான பயிற்சிகளைச் செய்ய வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2020-இல் அறிவுறுத்தியது. நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்து அமர்தலும், சுவரைப் பற்றிக் குதிகாலை உயர்த்தலும் அத்தகையனவே. இவற்றிற்குப் பணம் வேண்டாம். விழாமல் தாங்க அருகில் ஒருவர் வேண்டும்.

முதல் வெள்ளியன்று நற்கருணை ஏந்தி நாம் செல்லும் இல்லங்களில், முதியோர் பலர் நம்மிடம் கேட்பதும் அதுவே: “சற்று நேரம் இருந்துவிட்டுப் போங்கள், சாமி!”

பெற்றோரே, பிள்ளைகளே! கருவி வாங்க இயன்றவர்கள் வாங்குங்கள். ஆனால் கடமை அத்துடன் முடிந்ததென எண்ணாதீர்கள். மாலைச் செபமாலைக்கு முன் கால்மணி நேரம் பாட்டியின் கரம் பற்றித் தெருக்கோடிவரை நடந்து வாருங்கள். அவரது கால்களும் உறுதிபெறும். உங்கள் குடும்பமும் உறுதிபெறும்.