கால்கள் அமைத்த பாதைகள் காக்கப்பட வேண்டும்

கிழக்கே கடல், மேற்கே வயல், இரண்டுக்குமிடையே நெருங்கிய குடியிருப்பு. இதுவே சாய்ந்தமருதின் அமைப்பு. சாய்ந்து நின்ற மருதமரம் ஒன்றினால் பெயர் பெற்றதாகக் கூறப்படும் இவ்வூரின் ஒழுங்கைகள் பல, மேற்கே கரைவாகு வயல்வெளியை நோக்கிச் செல்பவை. வாய்க்கால் ஓரமாகவும் வரம்பு வழியாகவும் நடந்து, சம்மாந்துறை வட்டைகளையும் அவற்றுக்கு அப்பாலுள்ள காடுகளையும் குன்றுகளையும் அடைந்தவர்கள் எமது முன்னோர். விதைநெல் சுமந்தவரும், மாடு சாய்த்துச் சென்றவரும், விறகு வெட்டியவரும், தேன் எடுத்தவரும் நடந்து நடந்தே அப்பாதைகள் உருவாகின. எவரும் திட்டமிட்டு அமைக்காத காரணத்தினால், அவை மறையும் போதும் எவரும் கேள்வி எழுப்புவதில்லை.

இன்று நடைபாதைகளைப் பற்றிய பேச்சு நாட்டில் புதிதாக எழுந்துள்ளது. கண்டி ஹந்தானையில் தொடங்கி, ஹட்டன், ஹப்புத்தளை, எல்ல வழியாகச் சென்று நுவரெலியாவில் முடியும் ‘பீக்கோ’ நடைபாதை இதற்கு முக்கிய காரணமாகும். 300 கிலோமீற்றருக்கும் அதிக நீளமுடைய இப்பாதை 22 கட்டங்களாக வகுக்கப்பட்டுள்ளது. ஐரோப்பிய ஒன்றியத்தினதும் அமெரிக்காவினதும் உதவி இதற்குக் கிடைத்தது. வெளிநாட்டுப் பயணிகள் பெருமளவில் இதனை நாடி வருகின்றனர்.

ஆயினும் இப்பாதையின் பெரும்பகுதி புதிதாக வெட்டப்பட்டதன்று. தேயிலைத் தோட்டங்களின் பழைய வழிகளே குறியிடப்பட்டு ஒன்றிணைக்கப்பட்டுள்ளன. கொழுந்துக் கூடையுடன் மலையகத் தமிழர் தலைமுறை தலைமுறையாக ஏறி இறங்கிய வழிகள் அவை. பயணியின் கண்ணுக்கு அழகாகத் தோன்றும் அவ்வழியின் ஓரத்தில் லயன் அறைகள் இன்றும் இருக்கின்றன. பாதையைக் கண்டுபிடித்ததாகக் கூறுவது எளிது; அதனை உருவாக்கிய கால்களுக்கு அதன் பயனில் எவ்வளவு பங்கு என்பதே கேட்கப்பட வேண்டிய வினாவாகும்.

நடந்து செல்லும் மரபு எமக்குப் புதிதன்று. மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா 1344 இல் இலங்கைக்கு வந்து பாவா ஆதம் மலைக்குச் சென்றார். அவருக்கு வழித்துணையாக யோகிகளையும் பிராமணர்களையும் சுமை தூக்குவோரையும் அனுப்பி வைத்தவர் தமிழ் மன்னரான ஆரியச் சக்கரவர்த்தி ஆவார். மலைக்கு ஏறும் இரு வழிகள் ஆதமின் பெயராலும் ஹவ்வாவின் பெயராலும் வழங்கியதை இப்னு பதூதா குறித்து வைத்திருக்கிறார். பல மதத்தவரும் ஒரே பாதையில் நடந்த செய்தி இது.

எமது கரையோரத்தில் கதிர்காமப் பாதயாத்திரை அதற்கு வாழும் சான்றாக விளங்குகிறது. ஆண்டுதோறும் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் புறப்படும் அடியார்கள் தமிழ், முஸ்லிம் ஊர்களைக் கடந்து, பொத்துவில், உகந்தை வழியாகக் குமண, யால வனங்களினூடே நடந்து கதிர்காமத்தை அடைகின்றனர். அங்கு முருகன் ஆலயத்திற்கு அருகிலேயே பள்ளிவாசலும் இருப்பது யாவரும் அறிந்ததே. போரின் காரணமாக 1985 முதல் 2003 வரை மூடப்பட்டிருந்த யால கிழக்குப் பூங்காவே, 2006 முதல் குமண தேசிய பூங்கா என அழைக்கப்படுகிறது. யாத்திரிகர் நடப்பதைக் கைவிடாததாலும், அரசு அவர்களுக்காக ஆண்டுதோறும் காட்டுவழியைத் திறந்துவிடுவதாலும் அப்பாதை இன்றும் உயிருடன் இருக்கின்றது. மக்களின் வழக்கமும் அரசின் ஒப்புதலும் சேர்ந்தால் ஒரு பாதை நிலைக்கும் என்பதற்கு வேறு உதாரணம் தேவையில்லை.

பாதை என்பது பொழுதுபோக்குக்குரிய விடயம் மாத்திரமன்று. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை எழுந்த போது, கரையோர மக்கள் ஓடியது மேற்கு நோக்கியே. அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் பலியாகினர். நெருங்கிய மதில்களுக்கிடையே திறந்திருந்த ஒவ்வோர் ஒழுங்கையும் அன்று உயிர் காக்கும் வழியாக இருந்தது. அதேபோன்று, 2024 நவம்பர் 26 அன்று மாவடிப்பள்ளியில் வெள்ளம் குறுக்கறுத்த வீதியில் உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டு, மத்ரஸா மாணவர் ஆறு பேர் உட்படச் சிலர் உயிரிழந்த துயரத்தை இப்பிரதேசம் மறக்காது. வயல்வெளியைக் கடக்கும் வழி பாதுகாப்பாக இருப்பது எத்துணை அவசியம் என்பதை அச்சம்பவம் உணர்த்தியது.

இருந்தும் நாம் செய்து வருவது என்ன? வயல் நிலம் நிரப்பப்படுகிறது. வாய்க்கால் கரையில் மதில் எழுகிறது. ஊரின் தோணா, குப்பை கொட்டும் இடமாகிப் பல காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. அதன் இரு கரைகளும் முதியோரும் பெண்களும் சிறுவரும் அச்சமின்றி நடக்கும் வழிகளாக இருக்கலாம். நீரிழிவும் இரத்த அழுத்தமும் இல்லாத வீடு அரிதாகிவிட்ட காலத்தில், வைத்தியர் ‘நடவுங்கள்’ என்கிறார். எங்கே நடப்பது என்பதற்கு ஊரில் விடையில்லை. பாதையில் கிடக்கும் இடையூற்றை அகற்றுவதையும் ஈமானின் ஓர் அங்கமாகக் கருதும் சமூகம், பாதையே அகற்றப்படுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது பொருத்தமானதா?

இவ்விடயத்தில் இங்கிலாந்தின் அனுபவம் கவனத்திற்குரியது. 1932 இல் கிண்டர் ஸ்கௌட் மலைமேட்டில் நடக்கும் உரிமை கோரித் தொழிலாளர்கள் தடையை மீறி ஏறினர். சிலர் சிறை சென்றனர். 1949 இல் இயற்றப்பட்ட சட்டம், பொதுமக்கள் நடந்து வந்த பாதைகள் யாவற்றையும் வரைபடத்தில் பதியும் கடமையை உள்ளூராட்சி நிறுவனங்கள் மீது சுமத்தியது. கிராம சபைகளே தத்தமது எல்லைக்குள் இருந்த பாதைகளைக் கணக்கெடுத்து வழங்கின. பதியப்பட்ட பாதையை நில உரிமையாளர் தாம் விரும்பியவாறு மூடிவிட முடியாது. தனியார் வயலின் நடுவே சென்றாலும் நடப்பவரின் உரிமை அங்கு நிலைத்திருக்கிறது.

எனினும் எமது மாவட்டத்தில் இதனை அப்படியே பின்பற்ற இயலாது. இங்கு எல்லைக்கல் என்றாலே மக்களுக்கு அச்சம். வட்டமடு விவசாயிகளின் காணிப் பிணக்கு நீண்ட காலமாக நிலவி வந்த ஒன்று. 2016 இல் இறக்காமம், மாணிக்கமடு மாயக்கல்லி மலையில் புத்தர் சிலை வைக்கப்பட்டதைத் தொடர்ந்து எழுந்த பதற்றத்தையும் நாம் கண்டோம். உல்லாசப் பயணத்தின் பெயரால் கொழும்பிலிருந்து ஒரு பாதை வரையப்பட்டு, நாளை அதுவே விவசாயியையும் மாடு மேய்ப்பவரையும் வெளியே நிறுத்தும் வேலியாகிவிடுமோ என்ற ஐயம் நியாயமானதே. அறுவடைக்குப் பின் யானைகள் கரையோர வயல்கள் வரை வருவதும் மறுக்க முடியாத உண்மையாகும். எனவே எப்பாதையில், எக்காலத்தில், எப்பொழுதில் நடக்கலாம் என்பதை அங்கு நாளாந்தம் நடமாடுவோரே கூற வேண்டும்.

ஆகவே, முதற்படி பெயர்ப்பலகை நடுவதன்று. பாதைகளைப் பதிவு செய்வதாகும். வட்டவிதானைமாரும் மூத்த விவசாயிகளும் மேய்ச்சல்காரரும் இவற்றை நன்கறிவர். அவர்களது நினைவிலுள்ள வழிகளைப் பாடசாலை மாணவர் உதவியுடன் நடந்து பார்த்து வரைபடமாக்கலாம். கமநல சேவை நிலையங்களும் பிரதேச செயலகங்களும் நில அளவைத் திணைக்களமும் அதனை உறுதிப்படுத்தலாம். தமிழ், முஸ்லிம், சிங்கள ஊர்களை இணைக்கும் வழிகளில் மூன்று சமூகத்தவரும் கூடியிருந்தே முடிவெடுக்க வேண்டும். பயணிகள் வந்தால் அதன் வருமானம் பாதையோரத்து மக்களுக்குச் செல்வதும் முன்கூட்டியே உறுதி செய்யப்பட வேண்டும்.

சாய்ந்தமருதுக்குத் தனிச் சபை வேண்டும் என்ற கோரிக்கை நீண்ட வரலாறுடையது. 2020 பெப்ரவரியில் அதற்கான வர்த்தமானி அறிவித்தல் வெளியாகி, சில நாட்களிலேயே இடைநிறுத்தப்பட்டது. சபைகளின் எல்லை எங்கே என்ற விவாதம் தொடரலாம். ஆனால் கரைவாகு வரம்பில் நடப்பவர் எச்சபையின் எல்லையில் கால் வைக்கிறார் என்று பார்ப்பதில்லை. வழிகளை அறிந்த மூத்தவர்கள் ஒவ்வொருவராக விடைபெற்று வருகின்றனர். அவர்களோடு நடந்து கேட்டறியும் பணியைத் தொடங்குவதற்கு எந்த வர்த்தமானிக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.